குருவியின் கடைசிக் கட்டுரை

குழந்தை மருத்துவத்துக்கென்று வெளிவரும் ஓர் ஆய்விதழுக்கு அவள் ஆசிரியை. அலுவலகத்தில் எல்லோருக்கும் மேடம். கட்டுரை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் டாக்டர்களுக்குச் சிம்ம சொப்பனம். உலகத்தில் ஒரே ஒருத்திக்கு மட்டும் அவள் நெட்டை. அப்படிக் கூப்பிட்டவள் குருவி.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் வகுப்பையே நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். குள்ளமானவர்கள் முன்வரிசைக்கு வரலாம் என்று படம் எடுத்தவர் சொன்னார். "அதெல்லாம் முடியாது, நான் இந்த நெட்டை பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள் முன்பின் தெரியாத அந்தச் சின்ன உருவம். படத்தில் அவளுடைய நெற்றி மட்டும்தான் விழுந்தது. அன்று ஒட்டிக்கொண்டவர்கள், முப்பது வருடம் விடவில்லை. குருவி போய்ச் சேர்ந்து இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு நெட்டையை யாரும் நெட்டை என்று கூப்பிடவில்லை.

குருவி பச்சைக் குழந்தைகளின் டாக்டர். பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டால் பத்து நாளாவது ஊசி மருந்து ஏற்றுவார்கள். நூல் மாதிரி நரம்பு. ஒரு கையில் வீங்கினால் மறு கை, அதுவும் போனால் கால், கடைசியில் தலை. குருவிக்கு அது பொறுக்கவில்லை. சீக்கிரம் தேறிவிடுகிற குழந்தைகளுக்குப் பாதி நாள் மருந்தே போதும் என்பது அவள் எண்ணம். அதை நிரூபிக்க ஓர் ஆய்வு ஆரம்பித்தாள். பாதி நாளில் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு குழந்தையையும் ஒரு மாதம் கழித்து அவளே வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். காய்ச்சல் திரும்பியதா, பால் குடிக்கிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். சந்து பொந்தெல்லாம் ஏறி இறங்கினாள். ஆய்வு முடியும் தறுவாயில்தான் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது.

கட்டுரையை வேறெங்கும் அனுப்பமாட்டேன், நெட்டையின் இதழில்தான் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சிநேகிதியின் கட்டுரையை நெட்டை தொடக்கூடாது என்பது விதி. அவள் ஒதுங்கிக்கொண்டு துணை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு கமாவுக்கும் காரணம் கேட்பவர் என்பதால் அவருக்குக் கமா சார் என்று பெயர். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு நாள் நடைவழியில் அவரை நிறுத்தி, "கொஞ்சம் சீக்கிரம் பாத்தா நல்லது சார். அவளுக்கு நாள் இல்ல" என்று நெட்டை சொல்லிவிட்டாள். கமா சாரும் மனிதர்தானே. வழக்கமாகப் புள்ளியியல் நிபுணர் ஒருவருக்கும் அனுப்புவார். இந்த முறை அனுப்பவில்லை. கட்டுரை வந்தது. அச்சுப் பிரதியை மார்மேல் வைத்துக்கொண்டு குருவி தூங்கினாள். அடுத்த மாதம் அவள் இல்லை.

கட்டுரை மட்டும் உயிரோடு நடமாடியது. எத்தனையோ நாடுகளில் அதைப் பார்த்து மருந்தைக் குறைத்தார்கள். அவளுடைய சொந்த வார்டில் நர்சுகள் அதற்குக் 'குருவிக்கோர்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் தூர தேசத்து டாக்டர் ஒருத்தியிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. கோபமான கடிதமில்லை, அடக்கமாக எழுதியிருந்தாள். தங்கள் வார்டில் இந்த முறையைப் பின்பற்றியதாகவும், வீட்டுக்குப் போன குழந்தைகளில் இருவர் காய்ச்சலோடு திரும்பி வந்ததாகவும், ஒன்று பிழைக்கவில்லை என்றும் சொல்லியிருந்தாள். "தற்செயலாகவும் இருக்கலாம். மூலத் தரவுகளை ஒருமுறை பார்க்க அனுமதி கிடைக்குமா?"

நெட்டை கமா சாரைக் கூப்பிட்டாள். கட்டுரையோடு குருவி ஒப்படைத்திருந்த தரவு இதழின் கணினியிலேயே இருந்தது. எந்தக் குழந்தை, எந்தத் தேதியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தது, எடை எவ்வளவு என்று வரிசையாக. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினார்கள். கமா சாருக்கு எதுவும் உறுத்தவில்லை. நெட்டையின் கை மட்டும் நின்றுவிட்டது.

கடைசிப் பகுதியில் இருந்த தேதிகள் அவளுக்குத் தெரிந்த தேதிகள். அந்த வாரங்களில் குருவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெட்டை லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். கட்டிலை விட்டிறங்கிக் கழிவறைக்குப் போகவே குருவியை இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி நெட்டை. அதே நாட்களில் குருவி வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை எடை போட்டதாகத் திரை சொன்னது. நலம், நலம், நலம்.

வேறு யாராவது அவளுக்குப் பதிலாகப் போயிருக்கலாமே என்று ஒரு நொடி நெட்டையின் மனம் துள்ளியது. 'முதன்மைக் கட்டுரையாளரே நேரில் சென்று' என்று கட்டுரையிலேயே இருந்தது. குருவியின் வாக்கியம். தன்னுடைய பெருமையை அவள் ஒளித்ததே இல்லை.

கமா சார் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"மேடம், நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். எனக்கு இதுல ஒண்ணும் தெரியல. தெரிஞ்சவங்க யாராவது சொன்னாத்தான் தெரியும். திரும்பி வந்து கேக்கறேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா, இல்லேன்னு சொல்லிடுங்க. அதோட விட்டுடறேன்."

பதினெட்டு வருடம் கூட வேலை பார்த்த மனிதர். அந்த ஒரு தடவை தவிர விதியை ஒரு இம்மி வளைக்காதவர். அவர் அவளுக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போன கதவு அது. நெட்டை தனியாக உட்கார்ந்திருந்தாள். வாய் மூடி இருந்தால் போதும். குருவி குருவியாகவே இருப்பாள். அந்தத் தூர தேசத்துக் குழந்தையைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்த நேரத்தில் எத்தனை வார்டுகளில் எத்தனை குழந்தைகளுக்குப் பாதியில் ஊசியைக் கழற்றுகிறார்களோ என்று தோன்றியது.

கமா சார் டீயைக் குடித்தாரோ இல்லையோ, நேரம் எடுத்துக்கொண்டுதான் வந்தார். "ஏதாவது இருக்கா மேடம்?"

"இருக்கு சார்" என்றாள் நெட்டை. "ஆனா நான் இதுல ஆசிரியை இல்ல. சாட்சி. நான் சொல்றதை எழுதிக்கோங்க. அப்புறம் இந்த விஷயத்துல என்னை எதுவும் கேக்காதீங்க, நானும் உங்களை எதுவும் கேக்கமாட்டேன். இன்னொண்ணு. சீக்கிரம் பாருங்கன்னு நான் சொன்னதையும் எழுதிக்கோங்க."

எழுதும்போது கமா சாரின் பேனா இரண்டு தடவை நின்றது.

இறந்தவர் மேல் கேள்வி வந்தால் உயிரோடிருக்கும் இணைக் கட்டுரையாளரையும், இறந்தவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியையும் கேட்பார்கள். இணைக் கட்டுரையாளர் வேறு யாருமில்லை. குருவியின் கணவர்தான். கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். கட்டுரையின் கணக்குகளெல்லாம் அவருடையவை. கமா சாரின் கடிதம் அவருக்குப் போன மறுநாள் அவரே நெட்டையைக் கூப்பிட்டார். "வீட்டுக்கு வர்றியாம்மா" என்றார். அவ்வளவுதான்.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடிய வீடு. அன்றைக்கு வாசலில் தயங்கி நின்றாள். குருவியின் மகள்தான் கதவைத் திறந்தாள். அம்மாவின் வார்டிலேயே பயிற்சி டாக்டராக இருக்கிறாள். பேசக் கற்ற நாளிலிருந்து நெட்டையைச் சித்தி என்று கூப்பிட்டவள். இன்றைக்கு ஒன்றுமே கூப்பிடாமல் விலகி நின்றாள்.

கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"என் தப்புன்னு போட்டுடச் சொல்லும்மா. கணக்குல பிழை, புள்ளிவிவரத்தைச் சரியா கையாளலைன்னு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். எனக்கு ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான். என்னை யாரு என்ன பண்ணிடப் போறாங்க?"

"அண்ணா..."

"நான் பொய் சொல்லலம்மா. என் தப்புதான் அது. அவ படுத்துக்கிட்டே சொன்னா, நான் பக்கத்துல உக்காந்து டைப் அடிச்சேன். கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு குழந்தையா சொன்னா. இவன் நல்லாயிருக்கான், இவ குண்டாயிட்டான்னு. சொல்றப்ப முகத்துல அப்படி ஒரு களை. எப்ப போய்ப் பாத்தேன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பா. அவளுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அதான் கேக்கல. அவ பொய் எழுதலம்மா. அப்படித்தான் இருக்கும்னு நம்பினா. போய்ப் பாக்க முடியல, அவ்வளவுதான்."

நெட்டை அவரெதிரே உட்கார்ந்து சொன்னாள்.

"உங்க பங்கையும் எழுதட்டும்ணா. எங்க பங்கையும் எழுதச் சொல்லியிருக்கேன். ஆனா கணக்குல பிழைன்னு மட்டும் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? யாராவது கணக்கைத் திருத்திட்டு, ஆய்வு சரிதான்னு மறுபடியும் அதே கோர்ஸைப் போடுவாங்க. குழந்தைங்களைப் பாக்கவே இல்லைங்கறதுதானே விஷயம்? அதை மறைச்சா நாளைக்கு இன்னொரு குழந்தை..."

"அப்ப அவளைக் காட்டிக் குடுக்கப் போற."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்ணா. அந்தத் தேதிகள்ல நான் ஆஸ்பத்திரியில அவகூட இருந்தேன்னு."

மகள் சமையலறை வாசலில் சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா அப்படிச் செய்யமாட்டா" என்றாள். "போன்லயாவது கேட்டிருப்பா. நர்ஸ் யாரையாவது அனுப்பியிருப்பா. நீங்க கூட இருந்துட்டா மட்டும் அம்மா செய்யறது எல்லாம் உங்களுக்குத் தெரியுமா? நான் காட்டறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே பேசறேன். பேசிட்டு வந்து உங்க ஆபீஸ்ல உக்காந்து சொல்றேன், மேடம்."

மேடம் என்ற அந்தச் சொல் நெட்டையின் முகத்தில் அறைந்தது போலிருந்தது. சொன்னவளுக்கும் வலித்திருக்க வேண்டும். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி விசாரணைக்குழு அமைத்தது. கடைசிப் பகுதியில் இருந்த குடும்பங்களுக்குப் போன் செய்யும் பொறுப்பை வார்டுக்குக் கொடுத்தார்கள். மகள் அதில் சேரக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். தலைமை டாக்டரின் அறையில் நின்றுகொண்டு, "நான் பேசமாட்டேன், பக்கத்துல உக்காந்து கேக்கமட்டும் செய்யறேன்" என்று அழுது அனுமதி வாங்கினாள்.

சில நாள் கழித்து, மதிய வெயிலில், நெட்டையின் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தால் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"யாரையும் பாக்கலை" என்றாள். "அந்தக் கடைசிக் குழந்தைங்க யாரையும் அம்மா பாக்கலை. போனும் பண்ணலை. கிட்டத்தட்ட எல்லாருமே நல்லாத்தான் இருக்காங்க. ஓடறாங்களாம், கடிக்கிறாங்களாம். ஒவ்வொரு போனுக்கும் எனக்கு உயிர் வந்துச்சு. அம்மா நினைச்சது சரிதானேன்னு. அப்புறம் ஒருத்தங்க..."

நெட்டை எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை.

"அந்தப் பையன் வீட்டுக்குப் போன மூணாவது வாரமே இறந்துட்டான். காய்ச்சல். பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. அம்மா அவனை நலம்னு எழுதியிருக்கா. அவன் போனதுக்கப்புறம் வர்ற தேதியில." மகள் தம்ளரை மேசையில் வைத்தாள். தண்ணீர் தளும்பியது. "அவங்க திட்டுவாங்கன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். திட்டவே இல்ல. 'எங்க டாக்டரம்மா நல்லாயிருக்காங்களா'ன்னு கேட்டாங்க. 'வீட்டுக்கு வந்து பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனாங்க, ரொம்ப நல்ல மாதிரி, அப்புறம் வரலை, உடம்புக்கு ஏதாவதா'ன்னு கேட்டாங்க. என் அம்மாவைப் பத்தி, சித்தி. அவங்க என் அம்மாவைப் பத்திக் கேட்டாங்க."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நெட்டையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நெட்டையின் கண்ணிலும் நீர் கொட்டியது. குருவியின் மேல் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போய்ப் பார்த்திருப்பேனே, உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு வேறென்ன வேலை இருந்தது என்று செத்தவளோடு மனத்துக்குள் சண்டை போட்டாள். கோபம் வந்த வேகத்திலேயே அவளுடைய மெலிந்த கை ஞாபகம் வந்தது. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்று முடிவானது. அறிவிப்பைக் கமா சார் எழுதினார். நெட்டை அதை வெளியாவதற்கு முன் பார்க்கவில்லை, பார்க்கவும் கேட்கவில்லை. ஒப்புதலுக்காகக் குருவியின் கணவரை அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். கமா சாரின் அறையில் உட்கார்ந்து அவர் படித்ததைப் பிற்பாடு கமா சாரே நெட்டையிடம் சொன்னார். கடைசிப் பகுதிக் குழந்தைகளைப் பார்க்காமலே விவரங்கள் எழுதப்பட்டன என்று இருந்தது. அவர்களில் ஒரு குழந்தை அதற்கு முன்பே இறந்திருந்தது என்று இருந்தது. இணைக் கட்டுரையாளர் சரிபார்க்கத் தவறினார் என்றும், இதழ் அவசரப்பட்டு வழக்கமான பரிசோதனையைத் தவிர்த்தது என்றும் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர் கடைசியில் கேட்டாராம்:

"அவ செத்துக்கிட்டிருந்தான்னு ஒரு வரி போடக்கூடாதா சார்?"

"காரணம், சமாதானம் எதுவும் எழுதறதில்ல சார். நடந்ததை மட்டும்தான்" என்று சொல்லியிருக்கிறார் கமா சார். சொல்லிவிட்டு, அறிவிப்பில் ஒரு வரியை விரலால் காட்டியிருக்கிறார். 'குறிப்பிடப்பட்ட தேதிகளில் முதன்மைக் கட்டுரையாளர் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தார்.' குற்றத்துக்குச் சாட்சியாக எழுதிய வரிதான் அது. அந்த மனிதர் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

போகும்போது நெட்டையின் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"இனிமே வீட்டுக்கு வரவேண்டாம்மா" என்றார். "கோவம்னு நினைச்சுக்காதே. நீ செஞ்சது சரி. அவளே உன் இடத்துல இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பா. ஆனா உன்னைப் பாத்தா இனிமே எனக்கு அவ ஞாபகம் வராது. இந்தக் காகிதம்தான் ஞாபகம் வரும். அவளை நான் வேற மாதிரி ஞாபகம் வச்சுக்கணும்."

"சரிண்ணா" என்றாள்.

அறிவிப்பு வெளியானது. குருவியின் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று விழுந்தது. அவள் பெயர் அதற்குக் கீழே அப்படியே இருந்தது. குருவிக்கோர்ஸ் என்ற பேச்சு வார்டில் நின்றுபோனது. எல்லாக் குழந்தைகளுக்கும் முழு நாளும் மருந்து ஏற்றினார்கள். தூர தேசத்து டாக்டர் நன்றி என்று ஒரு வரி எழுதினாள். மருந்தைப் பாதியில் நிறுத்தியதால்தான் அந்தப் பையன் இறந்தானா, இல்லை முழுதாகப் போட்டிருந்தாலும் இறந்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இனியும் முடியாது.

இறந்த குழந்தையின் தாய்க்கு ஆஸ்பத்திரி நேரில் ஆளனுப்பி மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்தபோது, நானே போகிறேன் என்றாள் மகள். போன் செய்து, "சித்தி, கூட வர்றீங்களா? தனியாப் போக பயமா இருக்கு" என்றாள். நெட்டை கிளம்பிவிட்டாள்.

அட்டைப்பெட்டி செய்யும் பட்டறைக்கு மேலே, குறுகிய படிக்கட்டின் முடிவில் ஒற்றை அறை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. பட்டறையிலிருந்து அப்படியே மேலே வந்திருந்தாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. இருந்த இரண்டு நாற்காலிகளையும் அவர்களுக்குப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மகள் நாற்காலியிலிருந்து இறங்கி அவளெதிரே உட்கார்ந்தாள். நெட்டையும் உட்கார்ந்தாள்.

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய மகள் என்று சொன்னாள். அம்மா வரமுடியாமல் போனதை, வராமலே வந்ததாக எழுதியதை, அது புத்தகத்தில் அச்சாகிப் பல ஊர்களுக்குப் போனதை ஒன்று விடாமல் சொன்னாள். "எங்களை மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலை" என்று முடித்தாள்.

அந்தப் பெண் அழவில்லை. புரிந்துகொள்ள முயல்வது போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள்.

"அப்போ அந்தப் புத்தகத்துல என் புள்ள உயிரோட இருந்தானா?"

"ஆமா" என்றாள் மகள்.

"என்னன்னு எழுதியிருந்தாங்க?"

"நலம்னு. காய்ச்சல் இல்லைன்னு. எடை ஏறியிருக்குன்னு."

"எவ்வளவு எடை?"

மகள் நெட்டையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. இத்தனை வருடமாக எத்தனை பேருடைய எழுத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்ப்புச் சொன்னவளுக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

"மூணு கிலோ நூறு" என்றாள் மகள்.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடிமேல் விரித்து, அவற்றைப் பார்த்தாள்.

"இங்க கொண்டாந்தப்ப ரெண்டு கிலோ சொச்சம்தான் இருந்தான்" என்றாள். "அப்போ நல்லா பால் குடிச்சிருக்கான்."